வரிசையின் கடைசியில் நடந்தவர்

செயலாளர் அவர்களே, அந்தச் சோற்றை முதன்முதலில் வைத்தவர் நீங்கள். வழிகாட்டி அல்ல. நீங்கள்.

இதை எங்கள் நடைச்சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அழித்தீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். இதை உங்களால் அழிக்க ஏலாது.

மற்றவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அந்த வழிகாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை எழுதமாட்டேன். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு கடிதத்தில் கிடந்து நாறுகிறது. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிட வயது குறைந்தவராகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

எங்கள் சங்கம் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறது. சீனி வருத்தமும் பிறஷரும் உள்ளவர்கள் சேர்ந்து நடக்கிற சங்கம். கோடையில் பூங்காவில் நடப்போம். குளிர்காலத்தில் கடைகள் திறக்கமுன் மோலுக்குள் நடப்போம். ஒரு வருடம் செயலாளர், "மோலுக்குள்ளை சுத்திச் சுத்தித் தலை சுத்துது, உண்மையான விண்டரைப் போய்ப் பாப்பம்" என்று சொல்லி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வடக்கே கூட்டிப்போகத் தொடங்கினார். நல்ல யோசனை. அதை நான் மறுக்கவில்லை. மூன்று மணித்தியால ஓட்டம். அங்கே காட்டுக்கு நடுவில் ஒரு விடுதி. காலில் அகலமான பனிச்சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்து மிருகங்கள் பார்க்கவேண்டும். இந்த நாட்டின் மேற்கில் இருக்கிற மலைகளைப் பார்த்தவர்கள் அதை மலை என்று சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை. எங்களுக்கு அது மலைதான்.

அந்த விடுதியின் வழிகாட்டி தமிழர் என்று தெரிந்ததும் எங்களுக்குச் சந்தோசம். இங்கிலிஷில் தலையாட்டத் தேவையில்லை. முதல் நாள் பதினெட்டுப் பேர் சப்பாத்துகளைக் கட்டிக்கொண்டு வாத்துகள் மாதிரி பாதை தொடங்கும் இடத்தில் நின்றோம். அவர் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

"அண்ணை, வெளிக்கிடுவமே?" என்று செயலாளர் கேட்டார்.

"ஓம், நடவுங்கோ."

"நீங்கள் முன்னுக்குப் போங்கோவன்."

"நான் கடைசியிலைதான் வருவன்."

"உதென்ன பகிடி? கைட் எண்டால் முன்னுக்கெல்லே போகவேணும்?"

"மரத்திலை சிவப்பு றிபன் கட்டிக் கிடக்கு. அதைப் பாத்து நடவுங்கோ. பிழைச்சால் நான் சொல்லுவன். நான் முன்னுக்குப் போனால் உங்களுக்கு என்ரை முதுகு மட்டும்தான் தெரியும்."

"பின்னுக்கு வந்தால் எங்கடை முதுகெல்லாம் உவருக்குத் தெரியும், கோதாரி" என்றார் பவளம் அன்ரி. எங்கள் சங்கத்தில் வயது கூடியவர் அவர்தான். வாய் கூடியவரும் அவர்தான்.

அப்படித்தான் நடந்தோம். நான்கு குளிர்காலம். அவர் எப்போதும் கடைசி. முன்னுக்குப் போகிறவர் பாதை தவறினால், பின்னாலிருந்து "வலதுக்கு" என்று ஒரு சொல் வரும். அவ்வளவுதான். ஆட்களை எண்ணமாட்டார். எண்ணத் தேவையில்லை. கடைசி ஆள் அவர் என்றால் எல்லாரும் அவருக்கு முன்னால்தான்.

அவருடைய கோட்டில் பெரிய பொக்கற்றுகள் இருந்தன. நடந்து முடிந்து விடுதிக்குத் திரும்பியதும், எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் பொக்கற்றுகளில் கிடப்பதை வெளியே எடுப்பார். ரிஷ்யூ, மருந்துக் குளிசையின் வெள்ளித்தாள், ரொபிப் பேப்பர், ஒரு தடவை பவளம் அன்ரியின் தோடு. ஒவ்வொன்றையும் யார் விழுத்தியதோ அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பார். பிழையாகக் கொடுத்ததே இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. தபால்காரர் கடிதம் கொடுக்கிற மாதிரி.

"அன்ரி, உங்கடை" என்று தோடம்பழத் தோலை நீட்டினார்.

"தம்பி, அது தோல். உக்கிப்போகும்."

"குளிருக்கை உக்காது, அன்ரி. கோடை வருமட்டும் கிடக்கும். மணத்துக்கு ஏதும் வரும். வந்து பழகினால் அதுக்குத்தான் கூடாது."

"ஆருக்கு? எனக்கோ?"

"வாறதுக்கு."

பவளம் அன்ரி அந்தத் தோலை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதைப் பற்றியே கதைத்தார். "பெத்த பிள்ளை ஒருநாள் எனக்குக் குப்பையை எடுத்துக் கையிலை தந்ததில்லை, பாருங்கோ." ஆனால் அடுத்த மாதம் தோடம்பழத்தை வீட்டிலேயே உரித்துக் கொண்டுவந்தார்.

தேநீர் குடிக்க நிற்கிற இடத்தில் மிக்ஸரிலிருந்து ஒரு கச்சான் கடலை விழுந்தாலும் முழங்காலை ஊன்றி இருந்து எடுப்பார். சீனி போட்ட தேத்தண்ணி பனியில் ஊற்றுப்பட்டால் அந்தப் பனியையே அள்ளிப் பையில் போடுவார். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்படி ஒரு மனிதரோடு ஒரு பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று யோசித்தேன். அவருக்குக் குடும்பம் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. குளிர்காலத்தில் விடுதியில் ஒரு அறையில் இருந்தார். கோடையில் எங்கே போனார் என்று தெரியாது. மன்னார்ப் பக்கத்து வேதக்காரர் என்பது மட்டும் தெரியும். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை கிடந்தது.

கடைசியில் நடந்தால் மிருகங்களைப் பார்க்க முடியாது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நடந்தது வேறு. இரண்டாவது வருடம் ஒருநாள் முன்னுக்குப் போனவர்கள் பிக்கரிங்கில் வீடு வாங்குவதா விற்பதா என்று சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் அவர் கைத்தடியால் மரத்தில் இரண்டு தரம் தட்டினார். நில் என்று அர்த்தம். நின்றேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் மரம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று காதை ஆட்டியது. மூஸ். மாட்டைவிட உயரமான காட்டுமான். இருபது அடி தள்ளி நின்றது. செயலாளரும் மற்றவர்களும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். வீட்டு விலை கதைத்துக்கொண்டு.

விடுதிக்கு வந்து சொன்னதும் செயலாளருக்குக் கோபம்.

"அண்ணை, உதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டால் அது போயிடும்."

செயலாளர் என்னைப் பார்த்து, "நீர் மெய்யாத்தான் பாத்தனீரோ, இல்லாட்டி உவரோடை சேர்ந்து கதை விடுறீரோ?" என்று கேட்டார். இன்றைக்கும் அவர் நம்பவில்லை.

இன்னொரு நாள் நான் விழுந்தேன். பனிச்சப்பாத்தோடு விழுந்தால் எழும்புவது லேசான வேலை இல்லை. ஒரு கால் மற்றக் காலின் சப்பாத்தில் ஏறிவிடும். எனக்கு உடம்பும் பெரிது. வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவர் வந்து கை தரவில்லை. எனக்குப் பக்கத்தில் அவரும் பனிக்குள் விழுந்தார். வேண்டுமென்றே. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை ஊன்றி, எழும்பினார். திரும்ப விழுந்தார். திரும்ப எழும்பினார். மூன்றாம் தரம் நானும் அவரோடு எழும்பிவிட்டேன். சிரிப்பு வந்தது. கணவர் செத்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காக அவரைப் பற்றி நல்லதாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கெட்டதும் வருகிறது.

மூன்றாவது வருடம் தை மாதம். செயலாளரின் தாயாரின் ஆண்டுத் திவசம் வெள்ளிக்கிழமை நடந்தது. அடுத்த நாள் எங்கள் பயணம். பஸ்ஸில் அவர் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி.

"காகத்துக்கு வைக்கேலாமல் போச்சுது" என்றார். "பல்கனியிலை வைச்சன். கட்டடக்காரர் வந்து கதவைத் தட்டி, எடு எண்டாங்கள். கோயில் கார்ப்பார்க்குக்குக் கொண்டுபோனன். சீகல் வந்து திண்டிட்டுது. எங்கடை அம்மா மச்சம் தொடாத மனிசி. அந்தக் கள்ளக் குருவியள் ஏரியிலை மீன் திண்டிட்டு வந்து அம்மான்ரை சோத்திலை வாய் வைக்குதுகள்."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் அழுதார். செயலாளர் அவர்களே, நீங்கள் அழுதீர்கள். அதையும் நான் எழுதத்தான் வேண்டும். உங்களை நான் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லவில்லை.

காட்டில் பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் மேலே கறுப்பாக இரண்டு பறவைகள் கத்தின. எங்கள் ஊர்க் காகத்தைவிடப் பெரிது. அண்டங்காகம். செயலாளர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வரிசையின் கடைசிக்கு வந்தார். அங்கே வழிகாட்டிக்கு முன்னால் நான்தான் நின்றேன். எல்லாம் எனக்குக் கேட்டது.

"அண்ணை, ஒரு பிடி சோறு வைக்கவேணும்."

"சாப்பாடு கீழை வைக்க ஏலாது."

"அம்மாக்கு அண்ணை. ஒரு பிடிதான்."

"ஏலாது."

செயலாளர் பல்கனியையும் சீகலையும் சொன்னார். தாயின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போகமுடியாமல் போனதைச் சொன்னார். செலவு பிரச்சினை இல்லை, விசா அலுவல். வீடியோவில்தான் பார்த்தாராம். வழிகாட்டி பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாதையை விட்டு இறங்கி, ஆழமான பனிக்குள்ளால் எங்கள் பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கடந்து முன்னுக்குப் போனார்.

"இண்டைக்கு நான் முன்னுக்குப் போறன்" என்றார். "அங்காலை புதுப்பனி. பாதை மிதிக்கவேணும்."

புதுப்பனி இருந்தது உண்மை. ஆனால் முன்பும் புதுப்பனி இருந்திருக்கிறது. அப்போதெல்லாம் செயலாளரைத்தான் முன்னுக்கு விட்டு மிதிக்கச் சொன்னார். இந்தத் தடவை தானே போனார். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். செயலாளர் பாறையின் அடியில் பெட்டியைத் திறந்து, சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, ஒரு வடை எல்லாவற்றையும் பனியில் வைத்தார். கும்பிட்டார். ஒரு அண்டங்காகம் இறங்கி வந்தது. வடையைத் தூக்கியது.

செயலாளர் ஓடிவந்து எங்களை எட்டிப்பிடித்தார். முகம் வேறு முகமாக இருந்தது. "எடுத்திட்டுது" என்றார். "எடுத்திட்டுது, பாத்தனீங்களே?"

ஒரு மாதத்துக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே உண்மையான காகம் வருகுதாம். சீகல் இல்லையாம். அடுத்த பயணத்தில் நான்கு பேர் பெட்டி கொண்டுவந்தார்கள். திவசக்காரர், சனி விரதக்காரர். பிறகு பஸ்ஸுக்குக் காத்திராமல் மிசிசாகாவிலிருந்தும் றிச்மண்ட் ஹில்லிலிருந்தும் சொந்தக் காரில் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பயணங்களில் அந்தப் பாறை வருமுன் வழிகாட்டி வரிசையைக் கடந்து முன்னுக்குப் போய்விடுவார். பாறை தாண்டியதும் ஒதுங்கி நின்று எங்களை விட்டுவிட்டுத் திரும்பக் கடைசிக்கு வருவார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. அது ஒரு ஒழுங்கு மாதிரி ஆகிவிட்டது.

நானும் வைத்தேன். மாசி மாதம், என்னுடைய கணவருக்கு. கத்தரிக்காய் பொரித்த குழம்பு அவருக்கு விருப்பம். அதையும் வைத்தேன். வழிகாட்டி என்னைக் கடந்து முன்னுக்குப் போகும்போது ஒருகணம் நின்றார்.

"ஆருக்கு?"

"மனிசனுக்கு."

"ம்" என்றார். போய்விட்டார். பிறகு தேநீர் குடிக்க நின்ற இடத்தில், நான் கேட்காமலே, "உங்களுக்கு ஒரு காகம் வந்தாலே காணும்" என்றார். "எங்களுக்குக் கல்லறை இருந்தால்தான் மெழுகுதிரி கொளுத்தலாம்." யாருடைய கல்லறை என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பவளம் அன்ரி பிளாஸ்க்கை நீட்டிக்கொண்டு வந்தார், பேச்சு மாறிவிட்டது.

விடுதியின் குசினியில் சமையல் வேலை செய்த ஒரு பிலிப்பினோப் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். எங்கள் பஸ் வெளிக்கிட்டதும் அவர் ஒரு பையும் பனி அள்ளுகிற சவளும் எடுத்துக்கொண்டு திரும்ப மலைக்கு ஏறுவாராம். காகம் தின்றது போக மிச்சத்தைப் பனியோடு அள்ளிக்கொண்டு வருவாராம். ஆனால் காரில் வந்து வைத்துவிட்டுப் போகிறவர்களின் சோற்றை அவரால் முழுக்க அள்ள முடியவில்லை. எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று அவருக்கு என்ன தெரியும்?

நான்காவது வருடம் மார்கழியில் அந்தப் பாறையடியில் நரி நின்றது. செம்பட்டை நிறம், மொத்தமான வால். எங்களைக் கண்டு ஓடவில்லை. இருந்து பார்த்தது.

"நரி முகத்திலை முழிச்சாச்சு!" என்று செயலாளர் கத்தினார். "இண்டைக்கு எல்லாரும் லொத்தர் ரிக்கற் எடுங்கோ!"

எல்லாரும் படம் எடுத்தோம். எனக்குச் சந்தோசம்தான். நான்கு வருடத்தில் பதினெட்டுப் பேரும் சேர்ந்து பார்த்த ஒரே மிருகம் அது. வழிகாட்டி மட்டும் பனியை உருட்டி அதன்மேல் எறிந்தார். கைதட்டிக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. நரி நாலடி தள்ளிப் போய் மறுபடியும் இருந்தது.

"பாவம், ஏன் கலைக்கிறியள்?" என்று பவளம் அன்ரி ஏசினார்.

"பாவமெண்டுதான் கலைக்கிறன், அன்ரி."

எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இல்லை, எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த நரி விடுதியில் தங்கியிருந்த ஒரு ஆளிடம் போயிருக்கிறது. எங்கள் ஆள் இல்லை, யாரோ வெள்ளைக்காரர். கையில் சான்ட்விச் வைத்திருந்தாராம். நரி கையுறையோடு சேர்த்துக் கடித்துவிட்டது. சின்னக் காயம். ஆனால் காட்டு மிருகம் கடித்தால் அதற்கு விசர்நோய், றேபிஸ், இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூளையைத்தான் சோதிப்பார்கள், உயிரோடு வைத்துப் பார்க்க முடியாது. சுட்டார்கள். தலையை வெட்டி அனுப்பினார்கள். ஒரு விசரும் இல்லை என்று பதில் வந்தது.

எங்கள் அடுத்த பயணச் சனிக்கிழமை நாங்கள் போய் இறங்கியதும் விடுதி முகாமையாளர் எங்கள் எல்லாரையும் சாப்பாட்டு அறைக்குள் கூப்பிட்டார். உயரமான பெண். குரலை உயர்த்தவில்லை. பாறையடியில் சோறு கிடந்தது, யார் வைத்தது என்று கேட்டார். இங்கிலிஷ் விளங்காத முதியவர்களுக்காக வழிகாட்டி அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"பாறையடியிலை சோறு வைச்சது ஆர் எண்டு கேக்கிறா."

பவளம் அன்ரி கைப்பையின் சிப்பை மூடித் திறந்தார். செயலாளர் தேத்தண்ணியை ஊதினார். நீங்கள்தான். ஊதிக்கொண்டே இருந்தீர்கள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. நானும் பேசவில்லை. என் வாய் எவ்வளவு பெரிது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அது திறக்கவில்லை.

வழிகாட்டி முகாமையாளரைப் பார்த்து இங்கிலிஷில் சொன்னார்: நான்தான் எப்போதும் கடைசியாக நடக்கிறவன், எனக்குத் தெரியாமல் அந்தப் பாதையில் ஒன்றும் விழாது, நான்தான் விட்டேன், இவர்கள் என்னிடம் கேட்டுத்தான் செய்தார்கள் என்றார். இதைத் தமிழில் அவர் திருப்பிச் சொல்லவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் நான் அவரைப் பிடித்தேன்.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"எது பொய்?"

"நீங்கள் கடைசியிலை இல்லையே. அந்த இடத்திலை முன்னுக்கெல்லே போனனீங்கள்."

"அதைத்தானே சொல்ல ஏலாமல் கிடக்கு" என்றார்.

பஸ் ஹோர்ன் அடித்தது. ஏறினேன்.

அந்தக் கிழமையே அவரை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். பத்து நாள் கழித்துச் செயலாளர் சங்கத்தின் கடிதத்தாளில் விடுதிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதன் தமிழை எங்கள் செய்திமடலிலும் போட்டார். எங்கள் உறுப்பினர்கள் எல்லா விதிகளையும் மதித்து நடந்தவர்கள். மிருகங்களுக்கு உணவு வைக்கும் பழக்கத்தை ஆரம்பித்து ஊக்குவித்தவர் வழிகாட்டியே. இப்படி எழுதியிருந்தார். கீழே செயலாளரின் கையெழுத்து.

ஆரம்பித்து ஊக்குவித்தவர். தோடம்பழத் தோலைக்கூட விடாத மனிதர்.

பஸ் சாரதியிடம் நம்பர் வாங்கி வழிகாட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் எடுத்தேன், அதற்கும் எனக்கு வெட்கம். மிசிசாகாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறாராம். மேற்கே பெரிய மலைகளில் ஒரு இடத்தில் வழிகாட்டி வேலைக்கு விண்ணப்பித்தாராம். எடுக்கிற மாதிரித்தான் இருந்ததாம். பழைய விடுதியில் விசாரித்திருக்கிறார்கள். விடுதி எங்கள் சங்கத்தின் கடிதத்தைக் காட்டியிருக்கிறது.

"நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோவன், அண்ணை. நான் சாட்சி சொல்லுறன்."

"நான்தானே அண்டைக்கு ஓமெண்டு சொன்னனான்" என்றார். "இனி என்னத்தைச் சொல்ல?"

"நரிக்கு நீங்களே சோறு வைச்சனீங்கள்?"

"நரிக்கு ஒருத்தரும் வைக்கேல்லை, தங்கச்சி."

தங்கச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு பிறேக் முடிஞ்சுது என்று வைத்துவிட்டார்.

எனக்கு இந்த மனிதரை விளங்கவில்லை. ஒருநாள் யோசித்தால் நல்லவர் என்று படுகிறது. அழுகிற ஒருவனுக்காகத் தன் கண்ணைத் திருப்பிக்கொண்டார், பிறகு அதற்கான பழியையும் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் கோபம் வருகிறது. ஒரு கச்சானுக்கு முழங்காலில் இருந்தவர் ஒரு பெட்டிச் சோற்றுக்கு ஏன் ஏலாது என்று இரண்டாம் தரம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நரி இருந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும். பார்க்காமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? அது தெரியாத ஆளா அவர்? தெரிந்துதான் சவளோடு திரும்பத் திரும்ப மலை ஏறினார். தெரிந்தும் ஏன் விட்டார்? அவருக்கும் யாருக்காவது வைக்கவேண்டி இருந்ததா? எங்கள் சோறு அவருக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்தாரா? எனக்குத் தெரியாது. அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. என் கணவருக்கு வைத்ததை நினைத்தால் சந்தோசமாகவும் இருக்கிறது, வெட்டி அனுப்பிய அந்த நரியின் தலையும் ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஆனால் ஒன்றில் எனக்குக் குழப்பம் இல்லை. முதல் பெட்டியைத் திறந்த கை யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. நான் பார்த்தேன்.

செயலாளர் அவர்களே, தாய்க்கு வைத்ததைப் பிழை என்று நான் சொல்லவில்லை. நானும் வைத்தவள்தான். அதை ஒளித்துக்கொண்டு அவர் தலையில் கட்டி, கடிதத்தாளில் கையெழுத்துப் போட்டதுதான் பிழை. அந்தக் கடிதம் இருக்கும்வரை அந்த மனிதருக்கு எந்த மலையிலும் வேலை கிடையாது.

அடுத்த மாதம் எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதற்குமுன் எனக்குப் போன் எடுக்கவேண்டாம். உங்கள் மனைவியை விட்டுக் கதைக்கவேண்டாம். சங்கத்தின் பெயர் கெடும் என்று யாரையும் என் வீட்டுக்கு அனுப்பவேண்டாம். நான் எழும்பி, நானும் சோறு வைத்தேன் என்று சொல்வேன். பிறகு மைக்கை உங்களிடம் தருவேன். எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது வழிகாட்டியா, நீங்களா? நீங்கள் என்றால், கடிதத்தை மீளப்பெறுகிறேன் என்று விடுதிக்கு இங்கிலிஷில் எழுதி, அதே கடிதத்தாளில், அதே கையெழுத்தோடு, அந்தச் சபையில் வைத்தே வாசித்துக் காட்டுங்கள்.